நாலரை அடிக் கட்டில்

அத்தியாயம் பதினொன்று

மகன் செய்துவரும் கட்டிலின் ஒவ்வொரு சட்டத்திலும் பென்சிலால் ஓர் எண் எழுதப்பட்டிருப்பதைச் சென்ற வாரம் மொட்டை மாடியில் கண்டுபிடித்தாள் அல்லவா வசந்தா? அன்று தொடங்கி அவள் மனம் அதையே சுற்றிக்கொண்டிருந்தது.

எண் எதற்கு? கழற்றிய பின் மறுபடியும் பூட்டுவதற்கு. கழற்றுவது எதற்கு? வேறோர் இடத்துக்குக் கொண்டு செல்வதற்கு. அந்த வேறோர் இடம் எது?

முதல் இரண்டு வினாக்களுக்கும் தானே விடை கண்டுகொண்ட வசந்தா, மூன்றாவதிலே வந்து முட்டிக்கொண்டு நின்றாள்.

அவளுடைய ஐயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. மோகனுக்கும் ஷர்மிளாவுக்கும் வரும் ஆவணியில் திருமணம் என்று உறுதியாகியிருந்தது. கட்டிலும் பீரோவும் பெண் வீட்டிலிருந்து வருவதே அவர்கள் பக்கத்து வழக்கம். அங்ஙனம் இருக்க, சித்திரை மாதத்தில் ஒரு நாள், "கட்டில் ஒண்ணு செய்யப் போறேம்மா" என்று ஒற்றை வரியில் அறிவித்துவிட்டு, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வெளிநாட்டு இயந்திரங்கள் வந்திறங்கும் பைன் மரப் பெட்டிகளை வாங்கிவந்து உடைத்து, பலகை பலகையாக மாடிக்கு ஏற்றத் தொடங்கினான் மோகன். தன் கல்யாணக் கட்டிலைத் தானே செய்துகொள்ளும் மாப்பிள்ளையைத் திருமுல்லைவாயிலில் யார் கண்டது?

அவன் செய்த முறையும் புதிதாகவே இருந்தது. ஆசாரி என்றால் உளியால் துளை செதுக்கி, சட்டத்தின் நுனியை அதற்குள் இறுக அடித்து, ஆயுள் முழுவதும் அசையாதபடி செய்து கொடுப்பார். மோகனோ எஸ்டேட்டில் இரும்பைக் கடைந்து பழகியவன். காகிதத்தில் படம் வரைந்து, டிரில்லால் துளையிட்டு, காலையும் சட்டத்தையும் நீண்ட போல்ட்டுகளால் முடுக்கினான். ஒரு சொட்டுப் பசை கூட அவன் தொடவில்லை.

அகலமும் உறுத்தியது. நாலரை அடி! மணமக்களுக்கென்று வசந்தா ஒழித்து வைத்திருந்த பின்னறையில் ஆறடிக் கட்டிலே தாராளமாகக் கொள்ளும். நாலரை அடியில் எவன் செய்வான்? நாலரை அடிக்கு மேல் இடமில்லாத ஒற்றை அறையை வாடகைக்குப் பார்த்து வைத்திருப்பவன்தான் செய்வான்.

அடுத்த தெரு வேம்புலியம்மாளின் மகன் இப்படித்தான் போனான். கல்யாணம் ஆன மறு பொங்கல் வருவதற்குள் பூந்தமல்லியில் தனி வீடு. இப்போது பெற்றவளைப் பார்க்க விருந்தாளியைப் போல் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வருகிறான். காபி ஆறுவதற்குள் எழுந்து போய்விடுகிறான்.

அந்த வாழைப்பழம் தன் வீட்டு வாசலையும் தேடி வந்துகொண்டிருக்கிறது என்பதில் வசந்தாவுக்கு ஐயமே இல்லை.

சனிக்கிழமை காலையில், சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்த மகனை அவள் மெல்ல வளைத்தாள்.

"இன்னாடா, கட்டில் முடிஞ்சிச்சா?"

"நேத்து பூட்டிப் பாத்துட்டேம்மா. மூலைக்கு மூலை அளந்தா ஒரு நூல் வித்தியாசம் இல்ல. சும்மா கும்முனு நிக்குது."

"அப்ப கீழ எறக்கி ரூம்புல போட்ருலாமா?"

"இரும்மா, இன்னா அவசரம்? சாயங்காலம் வந்து கழட்டணும். பாலீஷ் பாக்கி கீது."

"பூட்டுனதுக்கு மேலயே அடிச்சா ஏறாதா?"

ஏற்கெனவே மூடியிருந்த டப்பாவை மோகன் மறுபடியும் மூடினான். "இடுக்குல ஏறாதும்மா."

"எவன் சொன்னான்?"

"யூடியூப்ல ஒருத்தன் சொன்னான்."

"அவன் ஊட்லயும் பெத்தவ ஒருத்தி இப்டிக் கேட்டுக்கினு நிக்கறாளான்னு அவனையே கேளு."

"ஷிப்டுக்கு நேரமாச்சும்மா. ஆங், சாயங்காலம் ஷர்மிளா வருது. ஜாக்கெட் அளவு கேட்டிருந்தியே. வாங்கிக்கினு, அதயும் கோயிலுக்கு இட்டுக்கினு போய்ட்டு வா."

கட்டிலைக் கழற்றுகிற அதே மாலையில் அவளும் வருகிறாளா! வசந்தா அதையும் மனத்தில் குறித்துக்கொண்டாள்.

கூடத்தில் அவள் கணவர் சம்பத் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். பம்பு கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு அதுவே அலுவலகம்.

"ஏங்க, உங்களுக்கு ஒண்ணுமே தோணலியா?"

"இன்னா தோணணும்?"

"உங்க புள்ள ஊட்ட உட்டுப் போவப் போறான்."

"புள்ளைங்கன்னா போவும், வரும். டீ இருந்தா குடு."

மணமான காலந்தொட்டு எதைக் கேட்டாலும் இதே தரத்தில் விடை சொல்லுகிறவர் ஆகையால், வசந்தா அதைப் பொருட்படுத்தவில்லை.

அவளுக்குத் துணையாக இந்த வீட்டில் ஒரே ஓர் ஆள் உண்டு. மகள் கிருஷ்ணப்பிரியா. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாலையில் வீடு திரும்பியதும் அண்ணனுக்கு உதவியாக மாடிக்குப் போய்ச் சட்டங்களை உப்புத்தாளால் தேய்ப்பாள். ஆகவே, அண்ணனை உளவு பார்க்கும் பொறுப்பையும் தாய் அவளிடமே ஒப்படைத்திருந்தாள்.

கண்ணாடி முன் நின்று தலைவாரிக்கொண்டிருந்த மகளின் அருகே போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து போன்ல இன்னா பேசனான்?"

"ரிசப்ஷனுக்கு பிரியாணி போடலாமா வேணாமான்னு. அதாம்மா."

"வாடகை, அட்வான்ஸு... அந்த மாரி எதனா காதுல வுழுந்துச்சா?"

கிருஷ்ணப்பிரியாவின் கையிலிருந்த சீப்பு ஒரு கணம் நின்று, பிறகு நகர்ந்தது. "இல்லம்மா."

"நல்லா கேட்டியாடி?"

"நல்லாத்தாம்மா கேட்டேன். அண்ணன் எங்கயும் போவாது. சத்தியமா சொல்றேன்."

"நீ ஒரு வெகுளி. உன்ன நல்லா ஏமாத்தறான். கையைக் காட்டு. தேச்சித் தேச்சி எப்டி உரிஞ்சிகீது பாரு. எவளோ வந்து படுக்கறதுக்கு நீ தேய்க்கற."

"பரவால்லம்மா" என்று சொல்லிக் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள் மகள்.

அண்ணன் மேல் எவ்வளவு பாசம் என்று வசந்தாவுக்கு நெஞ்சு கனத்தது. இந்த அப்பாவிப் பெண்ணுக்காகவாவது அந்தக் கட்டிலைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று உறுதி பூண்டாள்.

ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் தேவராஜின் ஹார்டுவேர் கடை. வெயில் ஏறுவதற்கு முன்பே அங்கே போய் நின்றாள்.

"அண்ணாத்தே, மரத்த மரத்தோட ஒட்டணும். அப்பால எவன் வந்து இழுத்தாலும் பிரியக் கூடாது."

"கதவாக்கா?"

"கட்டிலு."

"ஏன், யாராச்சும் தூக்கிக்கினு ஓடப் போறாங்களா?" என்று தேவராஜ் சிரித்தார்.

வசந்தா சிரிக்கவில்லை. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்.

"ரெண்டு டியூபு கீதா? இதுல பாதி, அதுல பாதி. கலந்த ஒடனே தடவிடணும், இல்லாட்டி தட்டுலயே இறுகிடும். இந்த வெயிலுக்கு சாயங்காலத்துக்குள்ள கல்லாயிடும். அப்பால மரம் ஒடையும், ஒட்டு ஒடையாது."

"அதான் வேணும்."

"ஆனா மோகனு போல்ட்டு போட்டுல்ல செய்றான்? போன வாரம் எங்கிட்டதான் வாங்கிக்கினு போனான். எதுக்குடா இவ்ளோ பெரிய போல்ட்டுன்னு கேட்டேன்."

"இன்னா சொன்னான்?"

"குத்தம்பாக்கம் வரிக்கும் வண்டில போவணும்ணே, போய்ப் பூட்டுனா ஆட்டம் காணக் கூடாதுன்னான்."

கடைத் தெருவின் இரைச்சல் அனைத்தும் அந்நேரத்தில் அவள் செவியை விட்டு விலகிப் போயிற்று. மூன்றாவது வினாவுக்கும் விடை கிடைத்துவிட்டது. குத்தம்பாக்கம்! புதுப் பேருந்து நிலையத்தை நம்பி அங்கே வரிசையாக வாடகை வீடு கட்டுகிறார்கள் என்று சம்பத்தின் வாயாலேயே கேட்டிருக்கிறாளே!

"இன்னாக்கா, அப்டியே நின்னுட்ட?"

"ரெண்டு டப்பாவாக் குடு" என்றாள் வசந்தா.

மாடியில், தகரக் கூரையின் கீழ், கட்டில் நான்கு கால்களையும் ஊன்றி நின்றிருந்தது. உடைத்தெடுத்த பெட்டி மரம் என்று சொன்னால் நம்ப முடியாது. விரலால் தடவினாள். சந்தனம் அரைத்த கல்லைப் போல் வழவழவென்றிருந்தது. தன் வயிற்றுப் பிள்ளையின் கைவேலை என்ற பெருமிதம் ஒரு பக்கம் எழ, அது போகவிருக்கும் இடத்தின் நினைவு மறுபக்கம் சுட்டது.

மாடிப் படியின் கதவு குறுகியது. பூட்டிய நிலையில் இந்தக் கட்டில் அதற்குள் நுழையாது; கழற்றினால்தான் இறங்கும். கழற்ற முடியாவிட்டால்?

மகனிடம் நேராகக் கேட்டுவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. ஆனால் கேட்டு, அவனும் 'ஆமாம்மா' என்று சொல்லிவிட்டால்? அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு எந்தப் பசையால் எதை ஒட்டுவது?

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். குக்கர் கைப்பிடியைத் தானே கழற்றி மாட்டிப் பழகிய கை; ஸ்பேனர் அவளுக்கு அடங்கியது. போல்ட்டைத் தளர்த்தினாள். காலுக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. பழைய தட்டில் பசையைக் குழைத்து, ஐஸ் குச்சியால் அந்த இடைவெளிக்குள் அள்ளி அள்ளித் திணித்தாள். பிறகு ஸ்பேனரின் மேல் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு முடுக்கினாள். பிதுங்கி வழிந்ததை ஈரத் துணியால் துடைத்தாள். ஒரு மூலை முடிந்ததும் அடுத்த மூலை.

நான்காவது மூலை முடிந்தபோது வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. கட்டிலைப் பார்த்தாள். யார் பார்த்தாலும் எதுவும் தெரியாது. மனத்துக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

மாலையில் மோகன் வந்து, குளித்து, ஸ்பேனரும் கையுமாக மாடி ஏறினான். சற்று நேரத்துக்கெல்லாம் ஷர்மிளாவின் ஸ்கூட்டர் வாசலில் நின்றது.

"வணக்கம் அத்தை. ஜாக்கெட் எடுத்துட்டு வந்திருக்கேன்."

"ஜாக்கெட் கெடக்கட்டும். மேல வா, கட்டிலைப் பாப்போம்."

அவளை முன்னே விட்டு வசந்தா பின்னே ஏறினாள். பேருந்திலிருந்து இறங்கி அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த கிருஷ்ணப்பிரியாவும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னோடு ஓடி வந்தாள். கழற்ற முடியாமற்போகும் அந்த நொடியில் ஷர்மிளாவின் முகம் எப்படி மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வசந்தாவின் திட்டம் முழுவதும் அதில்தான் இருந்தது.

மோகன் எல்லா போல்ட்டுகளையும் உருவி ஒரு கிண்ணத்தில் போட்டான். பிறகு சட்டத்தைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. முழங்காலைக் கொடுத்து இழுத்தான். அசையவில்லை.

"இன்னாடா இது, போல்ட்டே இல்லாம நிக்குது!" என்று வியந்து, மரச் சுத்தியால் தட்டினான். கட்டில் முழுவதும் ஒரே துண்டாக நகர்ந்ததே அன்றி, ஓர் இணைப்பும் விடவில்லை.

"மரம் ஊதிக்கிச்சாண்ணா?" என்று கேட்டாள் கிருஷ்ணப்பிரியா. அவளும் ஒரு காலைப் பிடித்து இழுத்தாள்.

மோகன் குனிந்து, சட்டத்தின் அடியில் விரலை ஓட்டினான். துடைக்கத் தவறிய ஒரு சொட்டு அங்கே இறுகிக் கல்லாகியிருந்தது. நிமிர்ந்தான்.

"பசை. யார் வச்சது?"

"நான்தான்டா" என்றாள் வசந்தா. "குத்தம்பாக்கத்துக்கு இத எப்டிக் கொண்டுகினு போறேன்னு நானும் பாக்கறேன்."

மோகனின் முகத்தில் ஈயாடவில்லை. வசந்தா அவனை விட்டுவிட்டு வருங்கால மருமகளின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லும்மா. தாலி ஏறக்கூட இல்ல, அதுக்குள்ள என் புள்ளையத் தனியாப் பிரிச்சிக்கினு போவ நாலரை அடிக்கு அளவு குடுத்துட்டியா?"

ஷர்மிளா விழித்தாள். "என்ன அளவு அத்தை? எங்க கட்டில் ஆறடியாச்சே! அப்பா வேலப்பன்சாவடில ஆர்டரே குடுத்துட்டாரு. இவருதான் கூட வந்து டிசைன் பாத்தாரு. உங்க கிட்ட சொல்லலியா?"

"ஒனக்குக் கட்டில் வாங்கியாச்சா? அப்ப இது?"

"என்கிட்ட, கூட வேலை செய்ற ஃபிரெண்டுக்குன்னாரு" என்று சொல்லி, ஷர்மிளாவும் மோகனைப் பார்த்தாள். இப்போது அந்தப் பார்வையிலும் ஐயம் குடியேறியிருந்தது.

மோகனின் பார்வை தரையை நோக்கித் தாழ்ந்தது. வசந்தாவும் அவ்விடமே பார்த்தாள்.

கட்டிலின் காலைக் கட்டிக்கொண்டு கிருஷ்ணப்பிரியா தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுகையை அடக்க உதட்டைக் கடித்திருந்தும் தோள்கள் குலுங்கின.

அந்த வேளையில் தெருவில் ஒரு வண்டி வந்து நிற்கும் ஓசையும், அதைத் தொடர்ந்து சம்பத்தின் குரலும் கேட்டன.

"மோகனு! டெம்போ வந்துட்ச்சிப்பா. உங்கம்மா கோயிலுக்குக் கெளம்பிட்டாளா? கழட்டியாச்சுன்னா சொல்லு, நான் ஒரு பக்கம் புடிக்கறேன்!"

வசந்தா கைப்பிடிச் சுவரருகே போய் எட்டிப் பார்த்தாள். தோளில் தார்ப்பாயும் கையில் கயிறுமாக நின்றிருந்த சம்பத், மேலே மனைவியின் முகத்தைக் கண்டதும் கயிற்றை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அந்தாளுக்குமா தெரியும்?" என்றாள் வசந்தா. அது யாரையும் நோக்கிக் கேட்ட கேள்வி அன்று.

"கட்டில் எனக்கும்மா" என்றாள் கிருஷ்ணப்பிரியா.

மோகன் சுத்தியைக் கீழே வைத்தான்.

"பொறந்த ஊட்லருந்து ஒரு கட்டில் கூட இல்லாம என் தங்கச்சி போவக் கூடாதும்மா. கடையில வாங்குனா ஒனக்குத் தெரிஞ்சிடும். அதான் நானே செஞ்சேன். இன்னிக்கிக் கட்டில் மட்டும்தான் போவ இருந்துச்சி. தங்கச்சி அடுத்த மாசம்தான்..."

"எங்கடா போவா? எதுக்குப் போவா? யாருடி அவன்?"

மோகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ இருண்ணா, நான் சொல்லிக்கிறேன்" என்று தங்கை தடுத்தாள். தடுத்தாளே அன்றி, பெயரைச் சொல்லவில்லை.

"ஊருக்கெல்லாம் தெரியும், ஹார்டுவேர் கடைக்காரனுக்குத் தெரியும், பெத்தவளுக்குத் தெரியாது!" வசந்தாவின் குரல் உடைந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"நீ கேட்டியாம்மா?" கிருஷ்ணப்பிரியா எழுந்து நின்றாள். "தெனமும் வந்து, அண்ணன் இன்னா பேசறான், அண்ணன் எங்க போறான்னு எங்கிட்டக் கேட்ட. நீ இன்னா பேசறடி, நீ எங்க போறடின்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

ஷர்மிளா யாருக்கும் தெரியாமல் இரண்டடி பின்வாங்கித் தண்ணீர்த் தொட்டியருகே ஒதுங்கி நின்றாள்.

திடீரென்று வசந்தா குனிந்து சட்டத்தை இரு கையாலும் பற்றி இழுத்தாள். காலையில் ஸ்பேனரின் மேல் போட்ட அதே பாரத்தை இப்போது எதிர்ப்பக்கம் போட்டாள். வளையல் ஒன்று உடைந்து தெறித்தது. கட்டில் அசையவில்லை.

"வுடும்மா" என்று மோகன் அவள் தோளைப் பிடித்தான். "இனிமே ரம்பம் வச்சி அறுத்தாத்தான் உண்டு."

"அறுக்காதண்ணா." கிருஷ்ணப்பிரியா துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அழுகை நின்றிருந்தது. "இங்கியே கெடக்கட்டும். நான் பாய்ல படுத்துக்கிறேன்."

படியில் அவள் இறங்கும் ஓசை தெளிவாகக் கேட்டது. வசந்தா சட்டத்தை விடாமல் பிடித்தபடியே இருந்தாள்.

தெருவில் டெம்போவின் இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "ஏத்தறீங்களா, நான் கெளம்பட்டா?" என்று ஓட்டுநர் சலித்துக்கொள்வது மாடி வரையில் எட்டியது.

விடை சொன்னது கிருஷ்ணப்பிரியாவின் குரல்.

"கொஞ்சம் இருங்கண்ணா. என் துணிப் பையை எடுத்துக்கினு வந்துடறேன்."